சிவில் வார்: அடித்தும் யாரும் எடுக்காத மணி

2024-ல் வந்த அலெக்ஸ் கார்லண்டின் 'சிவில் வார்' (மார்வெல் படம் இல்லை) பற்றி அடிக்கடி கேட்கிற புகார், "யார் பக்கம் நியாயம்னு படம் சொல்லவே இல்லையே" என்பது. கலிஃபோர்னியாவும் டெக்சாஸும் எப்படிக் கூட்டு சேர்ந்தன என்பதற்குக்கூட விளக்கம் கிடையாது. எனக்கு அது குறையாகப் படவில்லை. படத்தின் கேள்வி வேற. (முடிவு வரை பேசப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.)

லீ (கிர்ஸ்டன் டன்ஸ்ட்) பல போர்களைப் பார்த்த புகைப்படக்காரர். ஜெஸ்ஸி (கெய்லி ஸ்பேனி) அவரைப் போல ஆகத் துடிக்கும் சின்னப் பெண். வாஷிங்டன் போகும் வழியில் ஒரு பெட்ரோல் பங்க். கார் கழுவுகிற இடத்தில் அடித்து நொறுக்கப்பட்ட இரண்டு பேரைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஜெஸ்ஸி உறைந்துபோகிறாள். லீயோ, காவலுக்கு நிற்பவனையே அவர்கள் பக்கத்தில் நிற்கச் சொல்லி ஒரு படம் எடுக்கிறார். இது கல்நெஞ்சா, சாமர்த்தியமா? இரண்டும்தான். அந்த நிதானம்தான் நிலைமையைச் சமாளிக்கிறது.

இதை, "வன்முறையை நிறையப் பார்த்தா மனசு மரத்துப்போகும்" என்று சுருக்கிவிடலாம். ஆனா லீ ஓரிடத்தில் வேறு ஒன்று சொல்கிறார்: வெளிநாட்டுப் போர்களில் எடுத்த படங்களை, 'இதைச் செய்துவிடாதீர்கள்' என்று தன் நாட்டுக்கு அனுப்பும் எச்சரிக்கையாக நினைத்தாராம். இப்போது போர் வீட்டுக்கே வந்துவிட்டது.

சர்வர்களைக் கண்காணிக்கிற எங்கள் தொழிலில் 'அலர்ட் ஃபட்டீக்' என்று ஒன்று உண்டு. ராத்திரி முழுக்க எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும், யாரும் எதையும் சரிசெய்ய மாட்டார்கள். கொஞ்ச நாளில் மணிச் சத்தமே காதில் விழாது. எத்தனை தடவை அடித்தது என்பது மட்டுமல்ல காரணம். அடித்தும் ஒன்றும் மாறவில்லை என்பதுதான் ஆளை மரத்துப்போக வைக்கும். லீயின் களைப்பு இந்த வகை.

அதனால்தான் எனக்குப் படத்தின் பயங்கரமான இடம் பிணக்குழி காட்சி இல்லை, அந்தத் துணிக்கடைதான். போரே நடக்காத மாதிரி இருக்கும் ஒரு சிற்றூர். கடைப்பெண் புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறாள். நாங்கள் இதிலெல்லாம் தலையிடுவதில்லை என்கிறாள். மொட்டைமாடியில் துப்பாக்கியோடு காவல். லீயின் படங்கள் போய்ச் சேர வேண்டிய ஆள் அவள்தான். பார்த்துப் பார்த்து மரத்தவர்களைவிட, பார்க்காமலே மரத்தவர்கள்தான் இங்கே ஆபத்து.

நான் சுடப்பட்டால் என்னையும் படம் எடுப்பீர்களா என்று ஜெஸ்ஸி முன்பே லீயிடம் கேட்டிருப்பாள். வெள்ளை மாளிகையில் பதில் தலைகீழாக வருகிறது. லீ அவளைத் தள்ளிவிட்டுக் குண்டை வாங்குகிறார். விழுகிற லீயை ஜெஸ்ஸி கிளிக் செய்துவிட்டு, எழுந்து அடுத்த அறைக்குப் போகிறாள். மரத்துப்போதல் ஒருத்தியிடமிருந்து இன்னொருத்திக்குக் கைமாறுகிறது.

படத்திலும் ஒரு சறுக்கல் இருக்கு. பிடிபட்ட வீரர்களைச் சுட்டுத் தள்ளும்போது பின்னணியில் துள்ளலான ஹிப்-ஹாப் பாட்டு. நம்மை உறுத்தத்தான் வைத்திருக்கிறார்கள், புரிகிறது. ஆனா பாட்டு நன்றாக இருப்பதால் உறுத்தல் சீக்கிரம் கரைந்துவிடுகிறது.

ஜெஸ்ஸி எடுத்த அந்தப் படம் எங்கே அச்சாகும், யார் பார்ப்பார்கள்? படம் அதைக் காட்டவே இல்லை. அந்த இடத்தில் இருப்பது நாம்தான்.