அரை மாத்திரை

தமிழ்க் கவிதை உலகில் பித்துக்கு இருக்கிற மரியாதை மாத்திரைக்குக் கிடையாது. சிவனையே பித்தன் என்று விளித்த மரபு நம்முடையது. சித்தர்களின் பிதற்றலையும் காரைக்காலம்மையார் கேட்டு வாங்கிய பேயுருவையும் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறோம். ஒரு கவிஞனைப் பாராட்ட நினைக்கும் விமர்சகரின் கைக்கு முதலில் அகப்படும் சொல் ‘பித்து’. அதே நிலை ஒரு வீட்டுக்குள், ஒரு பெண்ணுக்கு வந்தால் அதன் பெயர் பைத்தியம். இரண்டு சொல்லுக்கும் வேர் ஒன்றுதான்: வாதம், பித்தம், கபம் என்ற மூன்றின் நடுவே நிற்கும் பித்தம். ஒன்று மேடைக்குப் போனது, மற்றொன்று பூட்டிய அறைக்குப் போனது.

நான் 11 ஆண்டுகளாக இருதுருவ மனநோயோடும் அதற்கான மருந்துகளோடும் வாழ்கிறவள். கவிதை எழுதுகிறேன், மதுரையில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். மருந்து சாப்பிடுவது தெரிந்த இலக்கிய நண்பர்கள் குரலைத் தாழ்த்திக் கேட்பது ஒன்றே: “இதெல்லாம் சாப்பிட்டா கவிதை வருமா?” இந்தக் கேள்விக்குள் இருக்கும் இலக்கியக் கோட்பாட்டைத்தான் இங்கே விசாரிக்க வேண்டியிருக்கிறது.

ஆத்மாநாமிலிருந்து தொடங்கலாம். மதுசூதன் என்ற இயற்பெயர் கொண்ட அவர் 1951இல் பிறந்து 1984இல், 33 வயதில், பெங்களூருவில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ‘ழ’ இதழை நடத்தியவர். ‘காகிதத்தில் ஒரு கோடு’ 1981இல் வந்தது. மனநோய்க்குச் சிகிச்சை பெற்றவர். அவரது கவிதைகளைத் தொகுத்துக் காப்பாற்றியதற்காகப் பிரம்மராஜனுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் ஆத்மாநாம் பற்றி நான் வாசித்த கட்டுரைகள் பலவும் சாவிலிருந்து பின்னோக்கி நடக்கின்றன. ஒவ்வொரு வரியும் முன்னறிவிப்பாகிவிடுகிறது. அவர் இதழ் நடத்திய, மொழிபெயர்த்த, வேலை பார்த்த, மருத்துவரைப் பார்த்த நாட்கள் கரைந்துபோகின்றன. அந்த வாசிப்புகளில் நோய் கவிதையின் ஊற்றுக்கண். சிகிச்சை பேசத் தகாத இடைச்செருகல். இது ஆத்மாநாமுக்குச் செய்யும் மரியாதை என்று நான் நினைக்கவில்லை. கூர்மையான நகைச்சுவையும் அரசியல் விழிப்பும் கொண்ட ஒருவரை அவருடைய நோயின் கையெழுத்தாகச் சுருக்குவது அது.

அந்தச் சலுகையும் ஆணுக்கு மட்டும்தான். ‘3’ (2012) படத்தில் இருதுருவ நோய் நாயகனுக்கு வருகிறது. அவன் அதை மனைவியிடம் மறைக்கிறான், மறைத்ததே காதலின் உச்சமாகக் காட்டப்படுகிறது. ‘சந்திரமுகி’யில் (2005) நோய் பெண்ணுக்கு வருகிறது. அமெரிக்காவிலிருந்து வந்த மனநல மருத்துவர் ஒரு நாடகம் நடத்தி அவளைக் குணப்படுத்துகிறார். மறுநாள் காலையில் அவள் பழையபடி நல்ல மனைவி. மாத்திரையோ மாதாந்திரச் சீட்டோ, கூடிய எடையோ எதுவும் இல்லை.

என் முதல் மேனியாவில் 9 இரவுகள் தூங்கவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் நின்று மல்லிகை மூட்டைகள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஊருக்கே நான்தான் மணம் கொடுக்கிறேன் என்று உறுதியாகத் தெரிந்தது. அந்த நாட்களில் எழுதியவை 60க்கு மேற்பட்ட கவிதைகள். ஓராண்டு கழித்து, வேறொருவரின் பிரதியை வாசிப்பதுபோல அவற்றை எடுத்துவைத்து வாசித்தேன். எதுகையும் மோனையும் வண்டியை ஓட்டிப்போயிருந்தன. ஒரு சொல் அடுத்த சொல்லை ஓசையால் இழுத்துவந்தது, பொருளால் அல்ல. ஒவ்வொரு வரியும் வெளிப்பாடு, ஆனால் எதுவும் எதையும் பார்க்கவில்லை. இந்த ஓசைத் தொடர்ச்சியை நோயின் அறிகுறி என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. யாப்பிலக்கணம் கற்பிக்கிற எனக்கு அது புதிதாகத் தோன்றவில்லை. நான்கு கவிதைகளை வைத்துக்கொண்டேன். அவற்றையும் மருந்து சாப்பிட்டுக்கொண்டு, மெதுவாக, பத்துத் தடவை திருத்தி எழுதிய பிறகுதான் வெளியே விட்டேன். பித்து கவிதை தரும் என்பவர்கள் முதல் வரைவைக் கண்ணால் பார்த்ததில்லை.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. முதல் நாள் மருத்துவரிடம் என் வீட்டார் ஒப்பித்த பட்டியல் இது: தூங்கமாட்டேங்கிறா, காசை இறைக்கிறா, சமைக்கமாட்டேங்கிறா, பெரியவங்களை எதிர்த்துப் பேசுறா. முதல் இரண்டும் நோயின் குறிகள். மூன்றாவது எந்த மருத்துவ நூலிலும் இல்லை. நான்காவது எரிச்சலின் குறியாகவும் இருக்கலாம், நியாயமான கோபமாகவும் இருக்கலாம். நான் சொன்னது சரியா என்று யாராவது விசாரித்திருந்தால் அல்லவா தெரியும்? மருந்து நோயைத் தணித்தபோது வீட்டார் மகிழ்ந்தது நான் தூங்கியதற்காக மட்டுமல்ல, அடங்கியதற்காகவும்தான்.

நம் அக இலக்கியம் இதை அறிந்திருக்கிறது. மகள் மெலிகிறாள், தாய் காரணம் தேடி வேலனை அழைக்கிறாள், வேலன் முருகன் அணங்கியதென்று சொல்லி வெறியாடுகிறான். நோய் யாருடையதோ அவளைத் தவிர எல்லோரும் பேசுகிறார்கள். இத்துறையைப் பாடியதாலேயே பெயர்பெற்ற வெறிபாடிய காமக்கண்ணியார், அகநானூற்றின் 22ஆம் பாட்டில் அவளைப் பேசவைக்கிறார். வெறியாட்டு நடந்த இரவில் காதலன் மறைந்து வருகிறான், நோய் தணிகிறது. பெயர் வேலனுக்குப் போகப்போகிறது என்பதை நினைத்து அவள் சிரிக்கிறாள். களவொழுக்கத்துக்குச் சான்றாக மட்டுமே இப்பாட்டை வகுப்பறைகளில் நடத்துகிறோம். நோயறிதலின் அரசியல் பற்றி ஒரு பெண் எழுதிய பாட்டாகவும் அதை நடத்தலாம்.

இனி மருந்துகள். ஹாலோபெரிடால் ஊசி போட்ட இரண்டாம் நாள் கால்கள் நிலைகொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றும், எழுந்தால் நடக்கத் தோன்றும், நடந்தால் உட்காரத் தோன்றும். நோய் முற்றுகிறது என்று வீட்டில் பயந்தார்கள். அது மருந்தின் வேலை. அதற்கு மாற்றாகக் கொடுத்த டிரைஹெக்சிபெனிடில் வாயை வறட்டி, கண்ணை மங்கலாக்கியது. உரையாசிரியர்களின் சிற்றெழுத்தை வாசித்துப் பிழைக்கிறவளுக்கு அது சின்ன விஷயமல்ல. பிறகு ரிஸ்பெரிடோன். அது புரோலாக்டின் சுரப்பைக் கூட்டும். ஐந்து மாதம் மாதவிடாய் நின்றது. பிள்ளை பெறாத என் மார்பில் பால் கசிந்தது.

இங்கே என் தலைமுறைப் பெண் கவிஞர்களோடும், என்னோடும்கூட, ஒரு வழக்கு இருக்கிறது. குட்டி ரேவதியின் ‘முலைகள்’ 2002இல் வந்தபோது எழுந்த வசைகளையும், மாலதி மைத்ரி, சல்மா, சுகிர்தராணி எழுத்துகளைச் சுற்றி நடந்த சண்டைகளையும் மறக்க முடியாது. அந்தக் கவிதைகள் இல்லையென்றால் ‘மார்பில் பால் கசிந்தது’ என்று இப்படி அச்சில் எழுதவே எனக்கு வாய் வந்திருக்காது. ஆனால் உடல்மொழி என்று நாம் பேசிய உடல் விழைவு கொண்ட உடல், வன்முறைக்கு ஆளான உடல், பிள்ளை பெறும் உடல். ஒலான்சபினால் ஒரே ஆண்டில் 14 கிலோ கூடி, ரவிக்கைகளையெல்லாம் பிரித்துத் தைத்துக்கொண்டு, சர்க்கரை எவ்வளவு என்று பார்க்க வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கும் உடல் நான் வாசித்த கவிதைகளில் வரவில்லை. அது கலகம் செய்யும் உடலாகத் தெரியாததால் விட்டுவிட்டோமோ என்னவோ.

பெண்ணியத்துக்குள்ளேயே இதில் இரண்டு குரல்கள் உண்டு. ‘செக்ஸுவல் பாலிடிக்ஸ்’ (1970) எழுதிய கேட் மில்லெட், லித்தியத்தை நிறுத்தியதையும் கட்டாயமாக மருத்துவமனையில் அடைக்கப்பட்டதையும் ‘தி லூனி-பின் டிரிப்’பில் (1990) எழுதினார். அவர் பார்வையில் மருந்து குடும்பமும் அரசும் நீட்டும் கை. கே ரெட்ஃபீல்ட் ஜேமிசன், தானே இருதுருவ நோயாளியான உளவியலாளர், ‘ஆன் அன்குவைட் மைண்ட்’டில் (1995) லித்தியம் இல்லாமல் தான் உயிரோடு இருக்க முடியாது என்கிறார். மில்லெட்டின் கோபம் எனக்கு வேண்டும். வீட்டாரின் பட்டியலை அவரைவிட நன்றாக யாரும் படித்துக்காட்ட முடியாது. ஆனால் அவருடைய முடிவை என்னால் ஏற்க முடியாது. மாட்டுத்தாவணியில் மூன்று மணிக்கு நின்றவள் சுதந்திரமாக நிற்கவில்லை. ஜேமிசனின் நன்றியுணர்ச்சியிலும் ஒரு குறை. நன்றி சொல்லியாக வேண்டிய இடத்தில் முறையிட முடியாது. எனக்கு மருந்தும் வேண்டும், அதைப் பற்றிக் குறைசொல்லும் உரிமையும் வேண்டும்.

‘மேற்கத்திய ரசாயனம்’ என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. சர்ப்பகந்தா வேர் சித்தக்கலக்கத்துக்குப் பயன்படுவதை 1931லேயே கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள். குளோர்புரோமசின் பாரிஸில் பயன்பாட்டுக்கு வந்தது 1952இல்தான்.

தொல்காப்பியத்தில் மாத்திரை என்பது கண் இமைக்கும் நேரம், விரல் நொடிக்கும் நேரம். மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை. என் மருத்துவரிடம் ஒருநாள், பாடம் நடத்தும்போது சொல் வர அந்த அரை மாத்திரை தாமதமாகிறது என்றேன். அவருக்கு இலக்கணம் தெரியாது, ஆனால் கேட்டுக்கொண்டார். அளவு 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆனது. உடைத்துச் சாப்பிடச் சொன்னார், உடைத்துச் சாப்பிடுகிறேன். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு, எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று நலமாக இருக்கும்போதே எழுதிவைக்கும் உரிமையைத் தருகிறது. நான் எழுதிவைத்திருக்கிறேன். என் சார்பில் முடிவெடுக்க நியமித்திருப்பது என் தோழியை.

எங்கள் பக்கத்தில் யாரும் மனநல மருத்துவரிடம் போவதில்லை, ‘நரம்பு டாக்டர்’கிட்டதான் போகிறார்கள். சாப்பிடுவது ‘நரம்பு மாத்திரை’. கல்யாணம் பேசும் வீடுகளில் அது ‘சத்து மாத்திரை’யாகி, அட்டையிலிருந்து பிரிந்து வேறு டப்பாவுக்கு மாறிவிடும். மனநோயை விவாகரத்துக்கு ஒரு காரணமாக 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் வைத்திருக்கிறது. பெண் வீட்டாரின் பயம் கற்பனையல்ல. இந்த மறைப்புக்கு நடுவே மருந்து பற்றி உண்மை பேசப்படும் இடம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான்: சீட்டு வாங்கிக்கொண்டு பெஞ்சில் காத்திருக்கும் நேரம். யாருக்கு எது சாப்பிட்டால் கை நடுங்குகிறது, எதை ராத்திரிச் சோற்றுக்குப் பிறகு போட வேண்டும், கத்திரி வெயிலில் வயல் வேலைக்குப் போனால் எது தலைசுற்ற வைக்கும் என்பதெல்லாம் அங்கே கைமாறும். வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மா என் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். எழுத்துத் தெரியாதவர், அட்டையைக் காட்டச் சொல்லி நிறத்தைப் பார்த்துக்கொண்டார்.

“ஏத்தா, இது எம் மகளுக்கும் குடுத்ததுதான். ஒனக்கு மாசாமாசம் சரியா வருதா?”

அதுவரை அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. அஞ்சு மாசமா வரலம்மா என்றேன்.

“அப்ப உள்ள போனதும் மொதல்ல அதைச் சொல்லு. தூக்கத்தப் பத்தி அவரே கேப்பாரு.”