செயலியும் தாய்ப்பலகையும்: இந்தியாவிலும் இலங்கையிலும் தேர்வின் வரிசை

வீட்டில் தாமே பொருத்திக்கொள்ளும் கணினிக்கு முதலில் செயலியைத் தேர்ந்து, பின்னர் அதற்கேற்ற தாய்ப்பலகையை வாங்குவதே பொதுவாகச் சொல்லப்படும் முறை. இந்தியாவில் இவ்வரிசை பெரும்பாலும் அப்படியே பின்பற்றப்படுகிறது. இலங்கையிலோ, எந்தப் பலகை கையிருப்பில் உள்ளது, அது பழுதானால் பொறுப்பேற்பவர் யார் என்ற கேள்விகளுக்கு விடை கிடைத்த பிறகே செயலியைப் பற்றிய பேச்சு தொடங்குவது பலருடைய வழக்கம். இவ்வேறுபாட்டை உண்டாக்குவது வாங்குவோரின் அறிவோ விருப்பமோ அன்று. சந்தையின் பருமனும் நாணயத்தின் நிலையுமே.

தொழில்நுட்பக் கட்டுப்பாடு இரு நாட்டவருக்கும் ஒன்றுதான். செயலி அமரும் இடமாகிய சாக்கெட், செயலியின் தலைமுறையைப் பொறுத்து மாறுகிறது. இன்டெலின் எல்ஜிஏ 1700 சாக்கெட் 12, 13, 14ஆம் தலைமுறைச் செயலிகளை ஏற்கிறது. 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்ஜிஏ 1851 என்னும் வேறு சாக்கெட் தேவை. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் டிடிஆர்4 நினைவகத்தைக் கொண்டும், 2022 செப்டம்பரில் அறிமுகமான ஏஎம்5 சாக்கெட் டிடிஆர்5 நினைவகத்தை மட்டுமே கொண்டும் இயங்குகின்றன. பலகையிலுள்ள துணைச் சில்லாகிய சிப்செட், எத்தனை சேமிப்பகங்களையும் இணைப்பு வாய்களையும் பொருத்தலாம் என்பதை வரையறுக்கிறது. செயலிக்குச் செல்லும் மின்னழுத்தத்தைச் சீராக்கும் விஆர்எம் என்னும் பகுதி எவ்வளவு வலுவானது என்பதோ, சென்னையின் வெயிலிலும் கொழும்பின் புழுக்கத்திலும் அச்செயலி தன் முழு வேகத்தைத் தாக்குப்பிடிக்குமா என்பதை முடிவு செய்கிறது.

இந்தியாவில் சென்னை ரிச்சி தெரு, பெங்களூரு எஸ்பி சாலை, மும்பை லாமிங்டன் சாலை, தில்லி நேரு பிளேஸ் ஆகியவை நெடுங்காலமாக உதிரிப் பாகச் சந்தைகளாக விளங்குகின்றன. இவற்றுடன் இணையக் கடைகளும் போட்டியிடுவதால், ஒரு செயலியின் விலை ஒரே வாரத்தில் கடைக்குக் கடை வேறுபடுவது இயல்பு. உலக வணிக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப உடன்படிக்கையில் 1997இல் இந்தியா சேர்ந்ததையடுத்து இப்பாகங்களுக்கு அடிப்படைச் சுங்க வரி நீங்கிவிட்டது; எஞ்சுவது 18 சதவீத ஜி.எஸ்.டி. மட்டுமே. ஆகவே இந்திய வாடிக்கையாளர் செயலியின் விலை இறங்கும் நாளுக்காகக் காத்திருந்து வாங்கிவிட்டு, பலகையைச் சில நாள் கழித்து வேறு கடையில் வாங்கவும் துணிகிறார். அதே சாக்கெட்டில் வேறு பலகை எப்போதும் கிடைக்கும் என்ற நம்பிக்கை அவருக்கு உண்டு.

சந்தையின் இப்பருமன் இன்னொரு வழக்கத்தையும் வளர்த்திருக்கிறது. எச்61 என்பது 2011இல் இன்டெல் வெளியிட்ட சிப்செட். உலகின் பெருநிறுவனங்கள் அதனைக் கைவிட்டுப் பல்லாண்டுகள் கழிந்த பின்னும், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸீப்ரானிக்ஸ் உள்ளிட்ட நிறுவனங்களின் பெயரில் புதிய எச்61, எச்81 பலகைகள் இந்தியச் சந்தையில் விற்பனையாயின. அலுவலகங்கள் கழித்த கணினிகளின் செயலிகளுக்கு இவை மறுவாழ்வு அளித்தன. புதுமைக்கு மட்டுமே மதிப்பளிக்கும் விமரிசனங்கள் இவற்றைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் ஒரு மாணவரின் முதல் கணினி பலவேளை இவ்வாறே உருவாகிறது என்பதால், இதனைச் சிறுமையாகக் கருதுவது தவறு.

இலங்கையில் வற் வரியின் பொது வீதமும் 2024 சனவரி முதல் 18 சதவீதமே என்பதால், வரியை மட்டும் கொண்டு இரு நாட்டுக்கும் இடையிலான வேறுபாட்டை விளக்க முடியாது. நாணயத்தின் நிலையே முக்கிய காரணம்: 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 இலங்கை ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர், இரண்டே மாதங்களில் 360 ரூபாயை நெருங்கியது. அதன் பின் ஓரளவு இறங்கி 300 ரூபாய் அளவில் நிலைகொண்டபோதிலும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. கொழும்பு பம்பலப்பிட்டியிலுள்ள யூனிட்டி பிளாசாவின் கடைகளோ, அங்கிருந்து சரக்கு பெறும் யாழ்ப்பாண, மட்டக்களப்புக் கடைகளோ, விற்பனை நிச்சயமற்ற பலகைகளை அடுக்கி வைக்கத் தயங்குவதன் பின்னணி இதுவே. ஒரு சாக்கெட்டுக்கு இரண்டு மூன்று பலகைகளே கிடைக்கும் இடத்தில், உத்தரவாதம் தருபவர் உள்ளூர் முகவரா, கடைக்காரர் மட்டுமா என்பது செயலியின் வேகத்தைவிட முக்கியமாகிறது. 2022 மார்ச் இறுதியில் 13 மணி நேரம் வரை நீண்ட மின்வெட்டு, சிறிய யு.பி.எஸ்.ஸில் இயங்கக்கூடிய 65 வாட் செயலியையும், தனி கிராபிக்ஸ் அட்டை தேவைப்படாத ரைசன் 5 5600ஜி போன்றவற்றையும் பொருத்தமான தெரிவுகளாக்கியது.

வெளிநாட்டிலிருந்து நேரடியாக வாங்குவதிலும் இரு நாடுகளும் வேறுபடுகின்றன. சீன இணையக் கடையாகிய அலிஎக்ஸ்பிரஸை இந்திய அரசு 2020 நவம்பரில் தடை செய்தது. இலங்கையிலோ அத்தகைய தடை இல்லாததால், சீனாவில் தயாரான எக்ஸ்99 பலகையையும் சர்வர்களுக்கான பழைய சியான் செயலியையும் நேரடியாக வரவழைக்க முடிகிறது. குறைந்த விலைக்குப் பல கோர்கள் கிடைப்பது உண்மையே. எனினும் பழுதான பலகையைத் திருப்பி அனுப்பும் செலவு அதன் விலையையே விழுங்கிவிடக்கூடும் என்பதால், ஒரே கணினியை நம்பி வேலை செய்பவருக்கு இவ்வழி ஏற்றதன்று.

இரு நாட்டு வழக்கங்களும் ஒன்றுகூடும் இடம் ஏஎம்4. 2018இல் வந்த பி450 பலகைகூட, பயாஸ் என்னும் தொடக்க மென்பொருளைப் புதுப்பித்தால் ரைசன் 5000 வரிசைச் செயலியை ஏற்கிறது. 2025இன் பிற்பகுதியில் நினைவக விலை உலகெங்கும் ஏறியபோது, கைவசமுள்ள டிடிஆர்4 நினைவகத்தைத் தொடர்ந்து பயன்படுத்த முடிவது பெரும் இலாபமாயிற்று. ஆயினும் புதுப்பிக்கப்படாத பலகையில் புதிய செயலியைப் பொருத்தினால் திரையில் எதுவும் தோன்றாது. எனவே அப்பணியை விற்பனைக்கு முன் கடையிலேயே செய்து, கணினி இயங்குவதைக் காட்டும்படி கேட்பது வாங்குபவரின் உரிமை. பெட்டியில்லாமல் விற்கப்படும் டிரே செயலிக்கு, பெட்டிச் செயலிக்கு உள்ள மூன்றாண்டு நிறுவன உத்தரவாதம் கிடையாது என்பதையும் இரு நாட்டவரும் கருத்தில் கொள்ள வேண்டும்.

இந்திய வாடிக்கையாளர் இலங்கையரிடமிருந்து கற்க வேண்டியது பலகைக்கு முதலிடம் தரும் இந்த எச்சரிக்கையையே. மலிவான செயலிக்காகச் சேமித்த பணத்தை, உத்தரவாதமற்ற பலகை ஒரே பழுதில் பறித்துவிடும். ரிச்சி தெருவாயினும் யூனிட்டி பிளாசாவாயினும், பலகையின் தொடர் எண்ணும் உத்தரவாதக் காலமும் பில்லில் எழுதப்பட்டிருப்பதைப் பார்த்த பிறகே வாசகர்கள் பணத்தைச் செலுத்த வேண்டும்.