‘தா ஸீன் மீம்’ என்பதோடு நின்ற சிறுவன்

எகிப்தியப் பேரறிஞர் டாக்டர் தாஹா ஹுஸைன் தம் இளமை வரலாற்றை ‘அல்-அய்யாம்’ என்னும் பெயரால் எழுதினார். ‘நாட்கள்’ என்பது அதன் பொருள். முதற்பாகம் 1929இல் நூலுருப் பெற்றது. மேல் எகிப்தில் 1889இல் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே கண்ணொளி இழந்து, ஒன்பது வயது நிரம்புமுன் திருக்குர்ஆனை மனனம் செய்த சிறுவன், 1914இல் கெய்ரோவில் டாக்டர் பட்டம் பெற்று, 1950இல் நாட்டின் கல்வி அமைச்சராகவும் அமர்ந்தார் என்பது பலரும் அறிந்ததே. ஆகவே இந்நூலை ஒரு வெற்றிக் கதையாகவே கொள்வோர் மிகுதி. மேடைகளில் எடுத்துக்காட்டப்படுவதும் அந்த வகையில்தான்.

நாம் அதனைப் பல ஆண்டுகள் தொடாதிருந்தோம். ஜாஹிலிய்யாக் காலக் கவிதை பற்றி அன்னார் 1926இல் வெளியிட்ட நூலின் முடிவுகள் நமக்கு உடன்பாடல்ல. அந்த மனக்கசப்பு இந்நூலின் மீதும் படிந்துவிட்டது. பிறகு ஓய்வான ஒரு ரமலானில் படித்தோம். படித்தபோது வெற்றி எதுவும் நம் கண்ணில் படவில்லை. திறமையுள்ள ஒரு பிள்ளையைச் சுற்றியிருந்த பெரியவர்கள் எவ்வாறு கைவிட்டார்கள் என்பதே தெரிந்தது.

மனனம் முடிந்ததும் சிறுவனுக்கு ‘ஷெய்கு’ என்ற பட்டம் கிடைக்கிறது. தந்தையும் தாயும் அவ்வாறே அழைக்கின்றனர். அவனோ, பட்டத்தோடு தலைப்பாகையும் ஜுப்பாவும் வருமென்று எதிர்பார்க்கிறான். வரவில்லை. வாரத்திற்கொரு முறை வெளுக்கப்படும் அதே பழைய தொப்பியோடு அதே ஓதும் பள்ளிக்குப் போய் வருகிறான். அங்கே அவனுக்கு வேலையும் இல்லை. முடித்துவிட்டவனிடம் யார் பாடம் கேட்பார்? நாள்தோறும் போகிறான், விளையாடித் திரும்புகிறான், ஓதியது கரைகிறது.

ஒருநாள் தந்தை நண்பர்கள் இருவருடன் அமர்ந்திருக்கையில் மகனை அழைத்து, ‘அஷ்ஷுஅரா’ அத்தியாயத்தை ஓதச் சொல்கிறார். ஹாஃபிழ்கள் அறிவார்கள், அது எளிய இடமன்று. 227 வசனங்கள், ஒரே முடிப்பு எட்டு முறை திரும்ப வரும், நபிமார் ஐவரின் வரலாறுகள் ஏறக்குறைய ஒரே சொற்களில் தொடங்கும். நன்கு ஓதியவரும் அங்கே வழி மாறுவதுண்டு. இந்தச் சிறுவனோ வழி மாறும் அளவுக்குக் கூடப் போகவில்லை. ‘தா ஸீன் மீம்’ என்கிறான். மீண்டும் அதையே சொல்கிறான். அப்பால் நா எழவில்லை. வேறு அத்தியாயங்களையும் கேட்டுப் பார்த்துவிட்டு, குர்ஆனை நீ மனனம் செய்திருப்பதாக எண்ணியிருந்தேனே என்ற கருத்தில் ஒரு சொல் சொல்லித் தந்தை அவனை அனுப்பிவிடுகிறார். அடி இல்லை, வசை இல்லை.

வெளியே வந்த சிறுவனின் உள்ளத்தில் மூன்று கேள்விகள் எழுகின்றன. மறந்த தன்னை நோவதா, கவனியாது விட்ட ஆசிரியரை நோவதா, சோதித்த தந்தையை நோவதா? நூல் முழுவதிலும் இந்த ஓரிடத்தையே நாம் சிகரம் என்போம். ஆசிரியர் இங்கே விடை கூறவில்லை. தம்மை ‘நான்’ என்னாது ‘சிறுவன்’ என்றும் ‘நம் தோழர்’ என்றும் படர்க்கையில் சொல்லும் உத்தி, இங்குதான் தன் முழுப் பயனைத் தருகிறது. தன்னிரக்கம் அண்டாத நடை. அரபு உரைநடையில் இத்தகைய எளிமை அரிது.

ஆனால் விடை கூறாத அதே பேனா, வேறு பக்கங்களில் கூறிவிடுகிறது என்பதே நம் குறை. ‘ஸய்யிதுனா’ எனப்படும் ஓதும் பள்ளி ஆசிரியர் நூலெங்கும் நகைப்புக்குள்ளாகிறார். அவருடைய கரடுமுரடான குரல், மாணவர் இருவர் தோளில் கையூன்றிச் செல்லும் நடை, மீண்டும் ஓத வைத்து மானம் காத்த பின் சிறுவனின் கையைத் தம் தாடியில் வைத்து வாங்கிய உறுதிமொழி, எல்லாமே கேலிக்குரியனவாகின்றன. பாடம் கேட்கும் பொறுப்பைச் சட்டாம்பிள்ளையிடம் விட்டார், அவனோ கையூட்டுப் பெற்றான் என்பது உண்மையான குற்றச்சாட்டு. அதை மறைக்க நாம் விரும்பவில்லை. எனினும் அந்த ஆசிரியரும் ஏறத்தாழப் பார்வையற்றவரே. பார்வை உள்ளவர்போல் நடந்துகொண்டார் என்று ஆசிரியர் நகைக்கிறார். பார்வையற்ற சிறுவன் உணவுக் கவளத்தை இரு கைகளாலும் எடுத்தபோது உடன்பிறந்தார் சிரித்ததையும், தாய் அழுததையும் நெஞ்சுருக எழுதிய அதே கை, இன்னொரு பார்வையற்றவரின் மானத்தை ஏன் எண்ணவில்லை? தந்தைக்குக் காட்டிய பரிவில் பாதியேனும் அந்த எளிய மனிதருக்குக் கிட்டியிருக்கலாம்.

இதைச் சொல்ல நமக்குள்ள தகுதி குறைவு. நம்மிடம் ஓதிய பிள்ளை ஒருவன் பதினோரு வயதில் மனனம் முடித்தான். விருந்தினர் வந்தால் அவனையே ஓத அழைப்போம். மற்றவர்களிடம் நாள்தோறும் பழைய பாடம் கேட்ட நாம் அவனிடம் கேட்கவில்லை. அவனுக்குத்தான் தெரியுமே என்ற நினைப்பு. தராவீஹ் தொழுகையில் முதன்முறை நின்றபோது மூன்றாம் இரவில் தடுமாறினான். பின்னால் நின்றோர் எடுத்துக் கொடுத்தும் அவனால் தொடர இயலவில்லை. மறுநாள் முதல் மதரஸாவுக்கு வரவில்லை. நாமும் வீடு தேடிச் செல்லவில்லை. பெற்றோரிடம் அவன் கவனக்குறைவானவன் என்றே சொன்னோம்.

நூலின் பிற்பகுதியில், 1902இல் அல்-அஸ்ஹர் சென்ற பின் ஒரு தேர்வு வருகிறது. ஆசிரியர் அவனைக் ‘குருடனே’ என விளித்து, ‘அல்-கஹ்ஃபு’ அத்தியாயத்தில் சில வசனங்கள், ‘அல்-அன்கபூத்’தில் சில வசனங்கள் கேட்டுவிட்டுப் போகச் சொல்கிறார். வெற்றிதான். ஆயினும் அவன் மகிழவில்லை. விளித்த சொல் ஒரு புண்; ஆயத்தமாகி வந்ததை எவரும் கேட்கவில்லை என்பது இன்னொன்று. வீட்டில் தெரியாததைக் கேட்டார்கள். இங்கே தெரிந்ததைக் கேட்பாரில்லை. இப்பகுதியை ஆசிரியர் விரைவாகக் கடந்துவிடுகிறார். இன்னும் சற்று நின்றிருக்கலாம் என்று தோன்றுகிறது.

நாம் சொன்ன அந்தப் பிள்ளை இன்று பேரூர் ஒன்றில் துணிக்கடை வைத்திருக்கிறார். வழியில் கண்டால் முந்திக்கொண்டு ஸலாம் சொல்வார். ஓதுவதைப் பற்றி நாம் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.