614 ரூபாய் புல்வெளி

கிண்டி குதிரைப் பந்தய மைதானத்துக்கு நடுவில் ஜிம்கானா கிளப்பின் பழைய கோல்ஃப் மைதானம் ஒன்று இருக்கிறது. ஆம்பூரிலிருந்து எத்தனையோ முறை சென்னைக்குப் போய் வந்திருக்கிறேன், ஆனாலும் 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து 160 ஏக்கரையும் எடுத்துக்கொண்ட பிறகுதான் இது எனக்குத் தெரிந்தது. மதில் அப்படி.

மாநகராட்சி அங்கே மழைநீருக்குக் குளம் வெட்ட ஆரம்பித்ததும், "வரலாற்றுப் பசுமை போச்சே" என்று ஒரு புலம்பல் கேட்டது. பசுமை என்பது சரி. வரலாறு யாருடையது? பந்தயக் கிளப்புக்கு 1945இல் 99 வருஷக் குத்தகை. வருஷ வாடகை 614 ரூபாய்ச் சொச்சம். வாடகையை உயர்த்திய பிறகு சேர்ந்த பாக்கி 730.86 கோடி என்பதை உயர் நீதிமன்றம் 2023இல் உறுதி செய்தது. நியாயமாகச் சொன்னால் அது கோல்ஃப்காரர்கள் வைத்த பாக்கி இல்லை, அவர்கள் அந்த இடத்தில் விருந்தாளிகள்தான். ஆனால் மைதானம் போனபோது ஊர் கலங்காததற்குக் காரணம், அந்தப் புல்லில் ஊர்க்காரன் கால் பட்டதே இல்லை.

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸைப் பாருங்கள். 2027 ஓபன் போட்டிக்காக அங்கே பழைய மைதானத்தின் மணல் பங்கர்களைச் சீரமைக்கிறார்கள், சில ஆட்டத் தடங்களை நீட்டுகிறார்கள். அதைப் பற்றி ஊரே சண்டை போடும். ஏன்னா அது பொது நிலம். ஞாயிற்றுக்கிழமை வழக்கமாக ஆட்டம் கிடையாது, யார் வேண்டுமானாலும் நாயோடு உலாவலாம்.

அதற்காக, குளம் வெட்டியதுமே கைதட்டவும் எனக்கு மனசு வரவில்லை. பாலாற்றுக் கரையில் வளர்ந்தவர்களுக்கு ஒன்று தெரியும்: பள்ளம் தோண்டுவது சுலபம், அதில் எந்தத் தண்ணீர் வந்து சேருது என்பதுதான் விஷயம். தோல் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996லேயே தீர்ப்பு சொல்லிவிட்டது. எங்க ஆற்றோரக் கிணறுகள் அதனால் உடனே தெளிந்துவிடவில்லை. வேளச்சேரி வெள்ளத்தைக் குறைக்க வெட்டிய குளத்தில் மழைநீரோடு சாக்கடையும் சேர்ந்து வந்தால், நாலு மழைக்காலத்தில் கொசுப்பண்ணைதான். எனவே வரத்துக்கால்வாயின் வரைபடம்தான் முதலில் மக்கள் பார்வைக்கு வரணும், பூங்காவின் வண்ணப்படம் அப்புறம் வரட்டும்.

இன்னொன்றும் கேட்கணும். அந்த மைதானத்தின் மேடுபள்ளங்கள் பந்து உருள்வதற்காக இருப்பவை. மழைத் தண்ணீரும் அதே சரிவில்தான் இறங்கி ஓடும். நடைபாதையை அந்தச் சரிவோடு விடுவார்களா, இல்லை மட்டம் தட்டி சிமென்ட் கல் பதிப்பார்களா? நம்ம பூங்காக்களுக்கு அந்தக் கல் மேல தனி ஆசை.