காத்திருக்கும் மாணவி: ‘ஜெடாய் அப்ரண்டிஸ்’ நாவல் வரிசையை முன்வைத்து

ஒரு சிறுவன் தேர்ந்தெடுக்கப்படுவதற்காகக் காத்திருக்கிறான். 13 வயது நிறைய இன்னும் சில வாரங்களே உள்ளன. அதற்குள் ஒரு குரு அவனைத் தம் மாணவனாக ஏற்க வேண்டும். இல்லையென்றால் வளர்ந்த இடத்தை விட்டு வெளியேறி, ஏதோ ஒரு தொலைதூரக் கிரகத்தில் விவசாயப் பிரிவில் சேர வேண்டியதுதான். ‘என்னை ஏற்றுக்கொள்’ என்று கேட்கும் உரிமை அவனுக்கு இல்லை. பார்க்க வருபவர் முன் வாள் வீசிக் காட்டலாம். பிடித்திருக்கிறதா என்று அவர் முகத்தைப் பார்க்கலாம்.

பெண் பார்க்கும் சடங்கை அறிந்த நமக்கு இந்தக் காட்சியைப் புரிந்துகொள்ள அறிவியல் புனைவு வாசித்த பழக்கம் தேவையில்லை. வயது ஏறிக்கொண்டிருக்கிறது. தேர்வு செய்யும் அதிகாரம் முழுக்க எதிரில் அமர்ந்திருப்பவரிடம் இருக்கிறது. நிராகரிப்புக்குக் காரணம் சொல்ல வேண்டிய கடமைகூட அவருக்கு இல்லை. விண்வெளியில் நடக்கும் ஓர் ஆண்பிள்ளைச் சாகசக் கதை, தன் நாயகனை முதல் பக்கங்களிலேயே ஒரு பெண்பிள்ளையின் இடத்தில் நிறுத்துகிறது. என்னை இந்த வரிசைக்குள் இழுத்தது இந்த முரண்தான்.

‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படங்களின் உலகில் நிகழும் ‘ஜெடாய் அப்ரண்டிஸ்’ வரிசையை ஸ்காலஸ்டிக் பதிப்பகம் 1999 முதல் 2002 வரை வெளியிட்டது. 18 நாவல்கள், 2 சிறப்புப் பதிப்புகள். ஒவ்வொன்றும் ஒரே மூச்சில் படித்துவிடக்கூடிய சிறிய புத்தகம். முதல் நாவலை டேவ் வுல்வெர்டன் எழுதினார். மற்ற அனைத்தையும் எழுதியவர் ஜூட் வாட்சன். அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தவர் ஜூடி ப்ளன்டெல் என்ற பெண். இதற்குப் பிறகு வருகிறேன்.

கதையின் மையம் இருவர். க்வை-கான் ஜின் என்ற குரு, ஓபி-வான் கெனோபி என்ற மாணவன். 1999இல் வெளியான ‘தி ஃபேன்டம் மெனஸ்’ படத்தில் இந்தக் குரு இறந்துவிடுகிறார். ஆக, முடிவைத் தெரிந்துகொண்டேதான் வாசகர் நாவலைத் திறக்கிறார். என்ன நடக்கும் என்ற கேள்விக்கு இடமில்லாததால், இவர்கள் எப்படி ஒருவரை ஒருவர் நம்பக் கற்றார்கள் என்பதில் கவனம் குவிகிறது. இந்த வரிசையின் பலம் அங்கேதான் இருக்கிறது.

க்வை-கான் ஒரு மாணவனை ஏற்கெனவே இழந்தவர். சானடோஸ் என்ற அந்த மாணவன் அவருக்கு எதிராகத் திரும்பியவன். அவனுடைய தந்தை க்வை-கானின் கையால் இறந்தவர். அதனால் இன்னொரு பிள்ளையை நெருங்க அவருக்குப் பயம். அந்தப் பயத்தை ஞானம் என்றும் பற்றின்மை என்றும் பெயர் மாற்றி வைத்திருக்கிறார். குருவின் மௌனம் எப்போதும் ஆழமானது என்று நம்பப் பழக்கப்பட்ட வாசகருக்கு, சில மௌனங்கள் வெறும் கோழைத்தனம் என்று காட்டுவது சிறிய விஷயமில்லை.

இரண்டாவது நாவலில்தான் அவர் ஓபி-வானை ஏற்கிறார். அதற்கு முன் நடப்பதை நாம் நிறுத்திப் பார்க்க வேண்டும். சிறுவனின் கழுத்தில் அடிமைகளுக்குப் பூட்டப்படும் வெடிப்பட்டை மாட்டப்பட்டிருக்கிறது. சுரங்கத்துக்குள் வழி அடைபட்டபோது, அந்தப் பட்டையை வெடிக்கச் செய்து தன் உயிரைக் கொடுத்துக் கதவைத் திறந்துவிட அவன் முன்வருகிறான். அப்போதுதான் குருவின் மனம் இளகுகிறது. கட்டைவிரலைக் கேட்ட துரோணரை நாம் இன்றும் கேள்வி கேட்கிறோம். இங்கே யாரும் கேட்கவில்லை; பிள்ளை தானே முன்வருகிறான். தன்னை அழித்துக்கொள்ளத் தயாராக இருப்பதே தகுதிச் சான்று என்று நாவல் நெகிழ்ந்து சொல்லும் இடத்தில், எனக்கு நெகிழ்ச்சி வரவில்லை. இந்தப் பாடத்தைப் பெண்களுக்கு யாரும் புதிதாகக் கற்பிக்கத் தேவையில்லை.

ஆனால் வாட்சன் அங்கேயே நின்றுவிடவில்லை. ஐந்தாவது நாவலில் மெலிடா-டான் என்ற கிரகத்துக்கு இருவரும் போகிறார்கள். தலைமுறை தலைமுறையாகப் போரிடும் இரண்டு இனங்கள். இறந்த வீரர்களின் பிம்பங்கள் பழிவாங்கச் சொல்லிப் பேசிக்கொண்டே இருக்கும் நினைவு மண்டபங்கள். பெரியவர்களின் போரை நிறுத்த இரு தரப்புப் பிள்ளைகளும் சேர்ந்து ஓர் இயக்கம் கட்டுகிறார்கள். ஓபி-வான் குருவை விட்டுவிட்டு அவர்களோடு நின்றுவிடுகிறான். அடுத்த நாவலில் அந்த முயற்சி சிதைகிறது. அவன் திரும்பி வருகிறான். ஆனால் பழைய இடம் அவனுக்காகக் காத்திருக்கவில்லை. மன்னிப்பு ஒரே காட்சியில் முடிந்துவிடுவதில்லை. அடுத்த இரண்டு நாவல்கள் முழுக்க இருவரும் தயங்கித் தயங்கி நெருங்குகிறார்கள். யார் முதலில் பேசுவது, எதைப் பேசாமல் விடுவது, கோபம் தணிந்த பின்னும் ஏன் நம்பிக்கை வரவில்லை என்று வீடுகளில் பெண்கள் நாள்தோறும் செய்யும் உறவுப் பராமரிப்பு வேலை, இங்கே இரண்டு ஆண்களின் கையில் கொடுக்கப்பட்டிருக்கிறது. சாகசக் கதையில் இது அரிது. இந்த வரிசையை நான் மதிப்பது இதற்காகவே.

இனி அந்த வேலைக்கான விலையைப் பார்ப்போம். மெலிடா-டானில் பிள்ளைகளின் இயக்கத்தை நடத்திய செராசி என்ற பெண், இரு தரப்புக்கும் நடுவில் வந்து நிற்கும்போது சுட்டுக் கொல்லப்படுகிறாள். அவள் மரணம்தான் ஓபி-வானைக் குருவிடம் திருப்பி அனுப்புகிறது. அதே கிரகத்தில் சிறைப்பட்டுப் பார்வையை இழந்தவர் டால் என்ற பெண் ஜெடாய். க்வை-கானின் இளமைத் தோழி. டாலை வாட்சன் மிகுந்த அக்கறையோடு எழுதியிருக்கிறார். பார்வை போனதும் அவருக்கு வழிகாட்ட ஒரு ரோபோவைக் கொடுக்கிறார்கள். ஓயாமல் பேசி உயிரை எடுக்கும் அதை அவருக்குப் பிடிப்பதில்லை. யாராவது கைபிடித்து நடத்த வந்தால் எரிச்சல். இரக்கத்தை மோப்பம் பிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார். ஜெடாய் ஆலயத்துக்குள் நடக்கும் திருட்டுகளைத் துப்பறிவதில் அவருக்கும் பங்கு உண்டு. மாற்றுத்திறனாளிப் பெண்ணைப் புனிதையாகவோ சுமையாகவோ ஆக்காமல், கோபமும் கிண்டலும் உள்ள மனுஷியாக ஒரு சிறுவர் நாவலில் பார்ப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

பதினான்காவது நாவலில் அவரும் க்வை-கானும் தங்கள் காதலைச் சொல்லிக்கொள்கிறார்கள். உடனே அவர் கடத்தப்படுகிறார். பதினைந்தாவது நாவலின் முடிவில் இறந்துவிடுகிறார். பதினாறாவது நாவல் க்வை-கானின் துயரத்துக்கும் வெறிக்கும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. பழிவாங்கும் விளிம்புவரை போய், மாணவனின் முன்னிலையில் அவர் தன்னை மீட்டுக்கொள்கிறார். காமிக்ஸ் கதைகளில் ஆண் நாயகனின் வளர்ச்சிக்காகக் கொல்லப்பட்ட, சிதைக்கப்பட்ட பெண்களின் பட்டியலை கெயில் சிமோன் தொகுத்ததும் 1999இல்தான். இந்த வரிசை தொடங்கிய அதே ஆண்டு. அந்தப் பட்டியலின் தர்க்கம் டாலுக்கும் அப்படியே பொருந்துகிறது.

இவ்வளவும் பெண்ணிய வாசிப்பில் எதிர்பார்க்கக்கூடியதே. நான் கூடுதலாகக் காட்ட விரும்புவது பான்ட் என்ற சிறுமியை. அவள் ஓபி-வானின் நெருங்கிய தோழி. நீரில் வாழும் இனத்தைச் சேர்ந்தவள். எதிரிகளால் ஒருமுறை கடத்தப்பட்டு மீட்கப்பட்டவள். டால் தன் மாணவியாகத் தேர்ந்தெடுத்தது அவளைத்தான். ஆனால் கடைசிப் பயணத்துக்கு டால் அவளை அழைத்துச் செல்லவில்லை. மாணவி ஆலயத்தில் காத்திருக்க, குரு எங்கோ ஒரு கிரகத்தில் இறந்துபோகிறார்.

தன்னைப் பாதுகாக்க வருபவர்களிடம் சீறிய டால், தன் மாணவியை மட்டும் வாசலில் நிறுத்திவிட்டுப் போனார். கதைக்குள் அதற்கு என்ன காரணம் சொல்லப்பட்டாலும் விளைவு ஒன்றுதான். ஓபி-வானுக்குக் குருவோடு 18 நாவல்கள் கிடைத்தன. பான்ட்டுக்கு ஒரு முழுப் பயணம்கூடக் கிடைக்கவில்லை. டால் இறந்தபோது இழந்தவர்கள் இருவர். காதலியை இழந்தவரின் துயரம் ஒரு நாவல் அளவுக்கு விரிகிறது. குருவை இழந்த சிறுமியின் துயரத்துக்கு அந்த நாவலின் ஓரம் மட்டுமே மிஞ்சுகிறது. பார்வையற்ற ஒரு பெண் குருவிடம் ஒரு மாணவி எப்படி வாள் பயின்றிருப்பாள்? எதைக் கேட்கக் கற்றிருப்பாள்? எந்தக் கோபத்தைச் சுவீகரித்திருப்பாள்? இந்த வரிசையிலேயே மிகச் சுவையான குரு-மாணவர் கதை எழுதப்படாத அந்தக் கதைதான்.

பெண் குருவும் மாணவியும் இணைந்த இன்னொரு ஜோடி உண்டு: ஆடி கேலியாவும் சிரி டாச்சியும். ஒன்பதாவது நாவலில் இருவரும் வருகிறார்கள். ஆனால் கதை உடனே இளையவர்களைக் குருமார்களிடமிருந்து பிரித்துவிடுகிறது. சிரியை நாம் ஓபி-வானோடு மோதுபவளாக, பிறகு தோழியாகத்தான் அறிகிறோம். ஆடி கேலியா அவளுக்கு என்ன கற்றுத்தந்தார் என்பது மங்கலாகவே நிற்கிறது. 2005இல் வாட்சன் எழுதிய வேறொரு நாவலில் சிரியும் ஓபி-வானின் கைகளில் இறக்கிறாள்.

‘இது ஓபி-வானின் கதை, மற்றவர்களுக்கு இடம் குறைவாகத்தான் இருக்கும்’ என்று ஒருவர் சொல்லலாம். நியாயம்தான். ஆனால் இந்த இடக்குறைவு ஜெடாய் அமைப்பின் வேரிலேயே இருக்கிறது. பிள்ளைகள் கைக்குழந்தையாக இருக்கும்போதே தாயிடமிருந்து எடுக்கப்பட்டு ஆலயத்தில் வளர்க்கப்படுகிறார்கள். அதன்பின் குருவே பெற்றோர். பெண்ணின் கருப்பை தேவைப்படாமல் ஆணிடமிருந்து ஆணுக்குப் போகும் ஒரு வம்சாவளி இது. 1999 படத்தில் இதே க்வை-கான் ஒரு சிறுவனை அடிமைத்தளையிலிருந்து மீட்டுக்கொண்டு கிளம்புகிறார். அவன் தாய் ஷ்மி அடிமையாகவே பின்னால் நிற்கிறாள். குருபரம்பரை என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம், அந்த வரிசைக்கு வெளியே நிற்கும் தாயையும் மாணவியையும் தேடிப் பார்ப்பது நல்லது.

இனி எழுதியவரிடம் வருவோம். ஜூடி ப்ளன்டெல் நெடுங்காலம் புனைபெயர்களில் எழுதியவர். இந்த வரிசையின் உலகமும் நாயகர்களும் அவருக்குச் சொந்தமில்லை. க்வை-கான் எப்போது சாக வேண்டும் என்பதைப் படம் முன்பே முடிவு செய்துவிட்டது. வாடகை வீட்டில் ஆணி அடிக்கும் சுதந்திரம்தான் அவருக்கு இருந்தது. அந்த எல்லைக்குள் டாலை உருவாக்கியது அவருடைய சாதனை. தன் சொந்தப் பெயரில் அவர் வெளியிட்ட முதல் நாவல் ‘வாட் ஐ சா அண்ட் ஹவ் ஐ லைட்’. 2008இல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதை இளையோர் பிரிவில் பெற்றது. 1947இல் நடக்கும் அந்தக் கதையில் 15 வயது ஈவி என்ற பெண், அழகியான தன் தாயைப் பார்த்துப் பார்த்துப் பெண்ணாக இருப்பது எப்படி என்று கற்கிறாள். பிறகு அந்தத் தாயையே சந்தேகிக்கவும் கற்கிறாள். கடன்வாங்கிய பெயரில் ஆண்களின் குருகுலத்தை எழுதியவர், சொந்தப் பெயர் கிடைத்ததும் பெண்ணிடம் பயிலும் பெண்ணை எழுதியிருக்கிறார். பான்ட்டுக்குத் தர முடியாத பக்கங்களை அவர் ஈவிக்குத் தந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது.

இதை வாசிக்கும் மாணவிகளுக்கு இந்தக் கதை விண்வெளியில் நடப்பதாகத் தோன்றாது. முனைவர் பட்ட ஆய்வுக்கு நெறியாளர் தேடி அலைந்த எவருக்கும் அந்தக் காத்திருப்பு தெரியும். பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிப்படி ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும்தான் நெறிப்படுத்தலாம். இடம் குறைவு, ஏற்பவரின் கை ஓங்கியிருக்கிறது. ‘கல்யாணம் ஆகிவிட்டால் பாதியில் விட்டுவிடுவாயே’ என்ற கேள்வி பெண்ணிடம் மட்டும் கேட்கப்படுகிறது. இடம் கிடைத்த பிறகு நன்றி என்ற பெயரில் எதையெல்லாம் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதும் நமக்குத் தெரியும். வெடிப்பட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு விசுவாசத்தை நிரூபிக்கும் காட்சியைப் புனிதமாக்கும் கதைகளை நாம் கவனமாகவே படிக்க வேண்டும்.

கூடவே, இப்போது நெறியாளர் நாற்காலியில் அமர்ந்திருக்கும் பெண்களாகிய நமக்கு டால் ஒரு கேள்வியை விட்டுச் சென்றிருக்கிறார். போராடி இடம் பிடித்தவர்கள் நாம். யாருடைய இரக்கத்தையும் ஏற்காதவர்கள். கருத்தரங்குக்கோ, களப்பணிக்கோ, முடிவெடுக்கும் கூட்டத்துக்கோ கிளம்பும்போது மாணவியை உடன் அழைத்துப் போகிறோமா, அல்லது அவளுடைய நன்மைக்காக என்று சொல்லி வாசலில் நிறுத்திவிட்டுப் போகிறோமா?

இந்த நாவல்களைப் பெண்பிள்ளைகளிடம் தாராளமாகக் கொடுக்கலாம். விறுவிறுப்பானவை, நேர்மையானவை. ஆண்களும் மன்னிப்புக் கேட்கக் கற்க முடியும் என்று நம்பவைப்பவை. படித்து முடித்ததும் பான்ட்டைப் பற்றி மட்டும் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். டால் அவளையும் அழைத்துப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அவர்கள் சொல்லத் தொடங்கினால், குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருங்கள்.