கதியாலும் கிடுகும்

யாழ்ப்பாணத்து ஒழுங்கையில் சைக்கிளில் போகிறவருக்கு வீடுகள் தெரிவதில்லை. அவை உள்ளே எங்கோ, மாமரத்துக்கும் கிணற்றுக்கும் பின்னால் இருக்கும். கண்ணில் படுவது இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேலாக நிற்கும் ஓலை, அதற்கு மேலே கிளைவிட்ட கதியால் கம்பங்களின் பச்சை, இடையிடையே ஒரு படலை. வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்று ஊர் கணக்குப் போட்டதும் இந்த வேலியை வைத்துத்தான். சித்திரை பிறந்த பிறகும் போன வருடத்துத் தென்னோலைக் கிடுகு கறுத்துத் தொங்கினால் உள்ளே ஏதோ சரியில்லை. யாருக்கோ வருத்தம், அல்லது கோட்டில் வழக்கு, அல்லது வெளிநாட்டுக் காசு வரவில்லை.

வேலி பார்க்கத் தெரிந்தவர்கள் முதலில் அடியைப் பார்ப்பார்கள். கிடுகின் அடிவரிசை மண்ணைத் தொட்டால் கறையான் ஏறும். மிகவும் உயர்ந்துவிட்டால் அயல்வீட்டுக் கோழி முதலில் வரும், அதைத் துரத்திக்கொண்டு நாய் வரும். மண்ணுக்கும் கிடுகுக்கும் இடையே கொஞ்சம் விட்டு, அந்த இடத்தைப் பனைமட்டையால் அடைத்திருந்தால் வேலை தெரிந்தவர் கை பட்டிருக்கிறது என்று அறியலாம். அதன் பிறகுதான் கட்டு, வரிச்சின் ஓட்டம், கதியாலின் வரிசை. ஒழுங்கை வளைகிற இடத்தில் வேலியும் முறியாமல் வளைய வேண்டும். நூல் பிடித்து நேராக்கிய வேலி எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. பழைய மாட்டுவண்டிப் பாதையோடு சேர்ந்து வளைந்து போகிற வேலிக்கு முன்னால்தான் சைக்கிளை நிறுத்தத் தோன்றும்.

குடாநாடு சின்னது என்றாலும் எங்கும் ஒரே வேலி இருந்ததில்லை. தென்மராட்சியில் தென்னை அதிகம். கொடிகாமம், மிருசுவில், அப்பால் பளை வரைக்கும் கிடுகு வேலிதான். தென்னோலையை நடுவே பிளந்து, தண்ணீரில் ஊறப்போட்டுப் பின்னுவார்கள். பின்னல் பெரும்பாலும் பெண்களின் வேலை. பனை மிகுந்த பக்கங்களில் பனையோலை வேலி. வெட்டிய ஓலைகளை விரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மிதித்து, மேலே பாரம் ஏற்றித் தட்டையாக்கிய பிறகுதான் வேலிக்கு எடுப்பார்கள். அந்தப் பொறுமை இல்லாமல் அவசரத்தில் கட்டிய பனையோலை, காய்ந்ததும் சுருண்டு வேலி முழுவதும் கண் திறந்துவிடும். தோட்டக் காணிகளுக்கு இவ்வளவு நாகரிகம் தேவையில்லை. மரக்கொப்புகளை நெருக்கிக் கட்டிய அலம்பல் வேலி போதும்.

நெடுந்தீவுக்குப் போனால் ஓலையே இல்லை, கல் வேலி. மண்ணுக்கடியிலும் கரையிலும் கிடைக்கிற முருகைக்கல்லைச் சாந்து எதுவும் இல்லாமல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். பெரிய கல்லின் பள்ளத்தில் சின்னக் கல்லின் மூக்கு உட்காருகிற மாதிரிப் பார்த்துப் பார்த்து வைத்த வேலை. கடற்காற்று கல்லுக்கும் கல்லுக்கும் இடையால் ஊதிக்கொண்டு போகிறது. அந்தத் தீவுக்கு வருகிறவர்கள் கட்டாக்காலிக் குதிரைகளைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அங்கே பார்க்க வேண்டியது இந்த வேலிகள்தான்.

ஓலை வேலியின் உயிர் கதியாலில் இருக்கிறது. கதியால் துளிர்க்கும் கம்பம். வெட்டி நட்டால் வேர் பிடித்து, தானும் வளர்ந்து, தன்மேல் கட்டியதையும் தாங்கும். எந்த மரத்தைக் கதியாலாக்குவது என்பதில்தான் ஒருவருடைய நிலஞானம் தெரியும். செம்மண்ணுக்கும் வறட்சிக்கும் கிளுவை. தண்ணீர் கேட்காது, ஆடு விரும்பித் தின்னும், வெட்ட வெட்டத் தழைக்கும். கடல் பக்கத்து உவருக்குப் பூவரசு. அதன் வேர் உப்பைக் கண்டு பயப்படாது, வைரமான மரமும் கிடைக்கும், பிள்ளைகளுக்குப் பீப்பீ ஊத இலையும் கிடைக்கும். முள்முருக்குக்கு ஒரு மங்கல மதிப்பு உண்டு. கலியாண வீட்டில் கன்னிக்காலாக ஊன்றுவது அதன் தடியைத்தான். வேலியில் அது சிவப்பாகப் பூத்து நிற்கும்போது கிளுவை வேலிக்காரர் கொஞ்சம் பொறாமைப்படுவார். சீமைக்கிளுவை பிந்தி வந்த விருந்தாளி. மத்திய அமெரிக்காவிலிருந்து வந்து, இன்று இலங்கையில் தேயிலை, றப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிர் என்ற பதவி வரைக்கும் போய்விட்டது. மண்ணுக்கு நைதரசன் சேர்க்கும், வேகமாக வளரும், இளஞ்சிவப்பாகப் பூக்கும். அழகில் குறை சொல்ல முடியாது. ஆனால் அடக்கம் கிடையாது. ஒரு வருடம் வெட்டாமல் விட்டால் ஒழுங்கையையே மூடிவிடும்.

கிளுவை என்றதும் கொங்கு நாட்டுக்காரர் வேறொன்றை நினைப்பார். காங்கேயம், தாராபுரம் பக்கத்தில் மாடு மேயும் கொறங்காடுகளைச் சுற்றி முள்கிளுவையை நெருக்கி வளர்த்திருப்பார்கள். அங்கே மரமே வேலி. இங்கே மரம் கம்பம், ஓலை வேலி. அவர்களுக்கு மாடு வெளியே போகக் கூடாது, எங்களுக்கு ஊரார் பார்வை உள்ளே வரக் கூடாது.

கதியால் நடுவதற்கு மழைக்கு முந்திய நாட்கள் வேண்டும். குடாநாட்டின் மழையில் பெரும்பகுதி ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த ஈரத்தைப் பிடிக்கத் தவறிய கதியால் மாசியில் விறகு. மணிக்கட்டுப் பருமனில் நேரான தடியாகப் பார்த்து, பட்டை கிழியாமல் ஒரே வெட்டில் வெட்ட வேண்டும். சிலர் நிழலில் சில நாள் கிடத்தி, வெட்டுவாய் காய்ந்த பிறகே நடுவார்கள். மேல்நுனி சரிவாக இருந்தால் மழைநீர் தேங்கி அழுகாது. அதற்கு மேலே ஒரு அப்பு சாணி வைப்பதும் உண்டு. வலிகாமத்தில் பல இடங்களில் மண் ஆழமில்லை, கொஞ்சம் தோண்டினால் சுண்ணாம்புக் கல். அங்கே மண்வெட்டி உதவாது. அலவாங்கைக் குத்திக் குத்திக் குழி எடுக்க வேண்டும். அலவாங்கு கல்லில் படும் அந்தச் சத்தம் கேட்டால் நாலு வீடு தள்ளி இருப்பவரும் எழும்பி வந்து எல்லையைப் பார்ப்பார்.

கட்டுவதுதான் காணக் கண் கொள்ளாத வேலை. கதியால்களுக்குக் குறுக்கே வரிச்சு வைத்துக் கட்டி, கீழ்வரிசைக் கிடுகை முதலில் பிடித்து, அதன்மேல் அடுத்த வரிசை ஏறிப் படும்படி போக வேண்டும். கூரை வேய்வதற்குள்ள அதே கணக்கு, மழைநீர் வெளியே வழிய வேண்டும். ஒருவர் ஒழுங்கையில், ஒருவர் வளவுக்குள். நடுவிலே ஓலை. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. வெளியே நிற்பவர் குத்தூசியை ஓலைக்குள்ளால் குத்துவார். உள்ளே இருப்பவர் அதன் கண்ணில் கயிற்றைக் கோத்துத் திருப்பி அனுப்புவார். “கொஞ்சம் இஞ்சாலை குத்து, அண்ணை” என்று உள்ளிருந்து ஒரு குரல் வரும். கயிறு வரிச்சைச் சுற்றி வந்ததும் ஒரு இழுப்பு, ஒரு முடிச்சு. நல்ல சோடி அமைந்துவிட்டால் பேச்சும் நின்றுவிடும். குத்தூசி போவதும் வருவதும், ஓலை நெரிபடுவதும்தான் கேட்கும். முடிச்சுகள் எல்லாம் ஒரே மட்டத்தில் விழுந்த வேலியைத் தள்ளி நின்று பார்த்தால், பின்னலுக்குக் குறுக்கே தையல் ஓடியிருப்பது தெரியும்.

எவ்வளவு இறுக்கிக் கட்டுவது என்பதற்கும் ஒரு பதம் உண்டு. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரைக்கும் சோளகம் அடிக்கும். தென்மேற்கிலிருந்து வருகிற இந்தக் காற்று மழையைத் தராது, புழுதியைத்தான் தரும். அதற்கு முன்னால் விறைத்து நிற்கும் தடுப்பு எதுவாக இருந்தாலும் அடி வாங்கும். வேலி அடைத்தே முதுமை கண்ட ஒரு ஐயா சொன்னார்: “தம்பி, காத்தோடை மல்லுக்கு நிக்கிற வேலி ஒரு சோளகத்துக்கு மேலை நிக்காது.” காற்றை ஆராய்கிறவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். முழுச்சுவரில் மோதிய காற்று மேலேறி, மறுபக்கம் சுழித்துக்கொண்டு விழும். பாதியை உள்ளே விட்டுப் பாதியைத் தடுக்கும் தடுப்போ தன் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரம் வரைக்கும் காற்றைத் தணித்துவிடும். கீழே ஓலை, மேலே கதியாலின் இலை என்ற அமைப்பு இந்தக் கணக்குக்கு வெகு அருகில் வருகிறது. கிடுகு கொஞ்சம் அசைய வேண்டும். அசைகிற வேலியைத் தளர்ந்த வேலி என்று நினைத்துக் கம்பி போட்டு இறுக்கிய வீடுகளில் கதியால் முறிந்ததைக் கண்டிருக்கிறேன்.

ஓலை ஓரிரு வருடத்துக்குத்தான். பச்சை வெளிறி வைக்கோல் நிறமாகும், பிறகு சாம்பல், கடைசியில் மழைக்கறுப்பு. எனக்குப் பிடித்தது அந்தச் சாம்பல் கட்டம். மாலை வெயில் அதன்மேல் விழும்போது வெள்ளி போல இருக்கும். உக்கிய ஓலையை யாரும் குப்பை என்று எறிந்ததில்லை. அது தோட்டத்துக்குப் போய்விடும். புகையிலைக்கும் மரக்கறிக்கும் மண்ணைக் கிண்டிப் பனையோலையைத் தாழ்ப்பது இந்த ஊரின் பழைய பசளை முறை. கதியாலில் வெட்டிய குழையிலும் ஆடு தின்றது போக மிச்சம் மண்ணுக்குத்தான். மரத்திலிருந்து வேலிக்கு வந்த ஓலை, வேலியில் ஒரு வேலை முடித்துக்கொண்டு வெங்காயத்துக்கு உரமாகிறது. ஓலை நிலைக்கவில்லை என்று குறை சொல்லுகிறவர்கள் இந்த இரண்டாவது வேலையைக் கணக்கில் எடுப்பதில்லை.

சமையலுக்கும் வேலியில் பங்கு உண்டு. முசுட்டை, குறிஞ்சா, தூதுவளை, மொசுமொசுக்கை, கொவ்வை எல்லாம் யாரும் நடாமலே கதியாலில் ஏறிக்கொள்ளும். முசுட்டை இலையைக் குறுணியாக அரிந்து தேங்காய்ப்பூவோடு வறை வறுத்தால் அன்றைக்கு வேறு கறி தேவையில்லை. மதில் கட்டியவர்கள் இப்போது முசுட்டையைச் சந்தையில் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

வேலியின் வாய் படலை. வசதியானவர்கள் சங்கடப்படலை வைத்தார்கள். படலைக்கு மேலே சின்னதாக ஒரு கூரை, இரு பக்கமும் குந்தியிருக்கத் திண்ணை, சில வீடுகளில் வழிப்போக்கருக்கு ஒரு பானைத் தண்ணீரும் இருக்கும். அடைத்து மறைத்துக் கட்டிய வேலிக்கு இப்படி ஒரு முகம் வைக்கத் தோன்றியதே, அதைத்தான் இந்தக் கலையின் உச்சம் என்பேன். மாடு நுழையாமல் மனிதர் மட்டும் கால் தூக்கி வைத்துப் போகக் கடப்பு. இவை எல்லாவற்றுக்கும் பிறகு, யாரும் திட்டமிடாத பொட்டு என்ற ஓட்டை ஒன்று எந்த வேலியிலும் இருக்கும். நாய் போட்டது, பிள்ளைகள் பெருப்பித்தது. பக்கத்து வீட்டுக்குக் கறிக் கிண்ணம் போவதும் அதற்குள்ளால்தான். நல்ல வேலிக்காரர் வருடாவருடம் வேலி அடைக்கும்போது அந்தப் பொட்டை மட்டும் கண்டும் காணாமல் விட்டுவிடுவார்.

வேலியால் வந்த வினையையும் சொல்லாமல் விட முடியாது. கதியால் நடக்கும். ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் அலவாங்கு ஒரு விரல் அப்பால் குத்தினால், சில வருடங்களில் அது ஒரு சாண். அந்தச் சாணுக்காகக் கோடேறி, காணியின் விலையைவிடக் கூடுதலாகச் செலவழித்த குடும்பங்களை எல்லா ஊரும் அறியும். இத்தனைக்கும் 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமைச் சட்டம், காணி விற்கும்போது பங்காளிக்கும், சில நிலைமைகளில் அயற்காணிக்காரருக்கும் முன்னுரிமை கொடுத்தது. வேலிக்கு அப்பால் இருப்பவர் அந்நியர் இல்லை, உரித்துள்ளவர். அதனால்தான் சண்டையும் அவ்வளவு சூடு. உயர்ந்த ஓலை பெண்களை உள்ளே வைத்த கதையும் உண்டு. ‘கிடுகு வேலிக் கலாசாரம்’ என்று எங்களை நாங்களே இடித்துரைத்துக்கொண்டோம். செங்கை ஆழியான் தன் நாவல் ஒன்றுக்குக் ‘கிடுகு வேலி’ என்றே பெயர் வைத்தார். வேலியை ரசிப்பதற்காக இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இன்றைக்கு எழும்புகிற மதில்கள் அந்த ஓலையைவிட உயரம். பொட்டும் இல்லை.

போர்க்காலம் வேலிகளை வரிசையாகத் தின்றது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் ஒரே இரவில் இடம்பெயர்ந்து வெறுமையானபோது வேலி அடைக்க ஆளில்லை. இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்ட காணிகளுக்குப் பல வருடம் கழித்துத் திரும்பியவர்களுக்குக் கிணறும் பெருமரமும்தான் அடையாளம், எல்லையைக் காடு மூடியிருந்தது. முதலில் தகரம் வந்தது, பிறகு முட்கம்பி, பிறகு சீமெந்துக் கல் மதில். பறிகொடுத்து மீண்டவர் கல்லில் கட்டத்தான் விரும்புவார், அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. குறை மழைநீரின் பக்கம் இருக்கிறது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லாத குடாநாடு இது. மழை பெய்து சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கினால்தான் கிணற்றில் தண்ணீர். வேலிக்கு அடியால் வெள்ளம் தன் பாட்டுக்குப் போய்க் குளத்தைச் சேர்ந்தது. மதில் அதை மறித்து ஒழுங்கையிலும் அயல்வீட்டு முற்றத்திலும் நிறுத்திவிடுகிறது.

இன்றைக்கு வேலி போட நினைக்கிறவருக்கு முழு ஓலை வேலியைச் சிபாரிசு செய்ய மாட்டேன். குத்தூசி பிடிக்கத் தெரிந்த சோடி கிடைப்பது அரிது, கிடைத்தாலும் கூலி ஏறிவிட்டது. எல்லையில் கொங்கிறீற்றுத் தூணும் கம்பியும் போட்டு எல்லைச் சண்டையை முடித்துவிடலாம். அதன் உட்பக்கத்தில் மழைக்கு முன் கிளுவையோ, கடல் அருகென்றால் பூவரசோ நெருக்கி நடலாம். ஒழுங்கைப் பக்கத்துக்கு மட்டுமாவது கிடுகோ பனைமட்டையோ கட்டுங்கள். பனைமட்டை கிடுகைவிட நீண்ட நாள் நிற்கும், நிறமும் நன்றாக வரும். மதில்தான் வேண்டும் என்று நிற்பவர்கள் வெள்ளம் ஓடும் பக்கத்தில் அடியில் துவாரம் விட வேண்டும், கையளவாவது. ஓலை தேவையானவர்கள் சோளகம் எழும்ப முன்னரே தென்மராட்சிப் பக்கம் சொல்லி வைப்பது நல்லது. ஆனி பிறந்தால் கேட்ட அளவுக்குக் கிடைக்காது.