ஐந்நூறு பவுண்டும் பதினோரு பவுனும்

இளங்கலை ஆங்கில இலக்கியம் படித்தபோது வர்ஜீனியா வுல்ஃபின் 'எ ரூம் ஆஃப் ஒன்ஸ் ஓன்' எங்களுக்குப் பாடமாக இருந்தது. புனைவு எழுத நினைக்கும் பெண்ணுக்குப் பணமும் தனக்கென ஓர் அறையும் வேண்டும் என்பதுதான் நூலின் மையம். தேர்வில் நாங்கள் எல்லோரும் அறையைப் பற்றியே எழுதினோம். தனிமை, மனவெளி, படைப்புச் சுதந்திரம் என்று பக்கங்களை நிரப்பினோம். பணத்தைப் பற்றி யாரும் எழுதியதாக நினைவில்லை. திரேஸ்புரத்தில் ஒற்றை அறை வீட்டில் ஆறு பேரோடு வளர்ந்த எனக்கும் அறைதான் பெரிதாகத் தெரிந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் வேலை பார்த்த பிறகும் சேமிப்பென்று ஒரு ரூபாய்கூட இல்லாமல் நின்ற நாளில் அந்த நூலை மறுபடி எடுத்தேன். பணத்தை வுல்ஃப் எவ்வளவு கறாராக எண்ணியிருக்கிறார் என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது.

1928 அக்டோபரில் கேம்பிரிட்ஜின் இரண்டு பெண்கள் கல்லூரிகளில் வுல்ஃப் ஆற்றிய உரைகள் விரிந்து, 1929இல் நூலாயின. அதன் கதைசொல்லிக்கு ஓர் அத்தை. அவர் பம்பாயில் காற்று வாங்கக் குதிரையில் போனபோது விழுந்து இறந்துவிடுகிறார். ஆண்டுக்கு 500 பவுண்டு, ஆயுள் முழுவதும் கிடைக்கும்படி மருமகளுக்கு எழுதி வைத்திருக்கிறார். அதுவரை கதைசொல்லி உறை மீது முகவரி எழுதியும், கிழவிகளுக்குப் படித்துக் காட்டியும், காகிதப்பூ செய்தும் பிழைத்தவர். பெண்களுக்கு வாக்குரிமை வந்ததும் இந்தச் செய்தி வந்ததும் ஏறக்குறைய ஒரே நேரத்தில். இரண்டில் பணமே தனக்கு முக்கியமாகப் பட்டது என்று அவர் ஒளிக்காமல் சொல்கிறார். இப்படிச் சொன்னதற்காகவே எனக்கு வுல்ஃபைப் பிடிக்கும்.

500 பவுண்டு என்றால் எவ்வளவு? நாம் நகைக்கடையில் சொல்லும் 'பவுன்' அந்தப் பவுண்டிலிருந்து வந்த சொல்தான். ஒரு பவுண்டு மதிப்புள்ள பிரிட்டிஷ் தங்கக் காசின் எடை கிட்டத்தட்ட எட்டு கிராம். வுல்ஃப் பேசிய 1928இல் பிரிட்டன் தங்க அளவையில்தான் இருந்தது. ஆக, நம் கணக்கில் அந்த அத்தை விட்டுப்போனது ஆண்டுதோறும் 500 பவுன், ஏறத்தாழ நான்கு கிலோ தங்கம். எழுத்தாளர் ஆவதற்கான நிபந்தனையாக வுல்ஃப் வைக்கும் தொகை இது. வகுப்பில் யாராவது இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியிருந்தால் நாங்கள் வேறு கேள்விகள் கேட்டிருப்போம்.

முதல் கேள்வி, அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? வுல்ஃபின் சொந்த அத்தை ஒருவர் 1909இல் அவருக்கு 2500 பவுண்டு விட்டுச் சென்றது உண்மை. நூலிலோ அத்தையைப் பம்பாயில் கொண்டுபோய் வைக்கிறார். அங்கே அவருக்கு என்ன வேலை, குதிரைக்கு யார் புல் போட்டார்கள் என்று கதைசொல்லி கேட்கவில்லை. கம்பெனிக்கும் பிறகு பிரிட்டிஷ் அரசுக்கும் முத்துக்குளித்துக் கொடுத்த கடற்கரையிலிருந்து வாசிக்கும் நமக்கு அந்த மௌனம் உறுத்தும்.

இரண்டாவது கேள்வி எனக்கு இன்னும் முக்கியம். திருமதி சீட்டன் என்ற தாய் பதின்மூன்று பிள்ளைகள் பெற்றதற்குப் பதில் தொழில் செய்து பணம் சேர்த்திருந்தால் மகள்களின் கல்லூரி இப்படி வறண்டிருக்காதே என்று வுல்ஃப் ஏங்குகிறார். அப்படிச் சம்பாதித்திருந்தாலும் சட்டப்படி அது கணவனுக்குத்தான் போயிருக்கும் என்று அவரே சொல்லிவிடுகிறார். இங்கிலாந்தில் மணமான பெண்ணுக்குத் தன் சொத்தின் மீது முழு உரிமை தந்த சட்டம் 1882இல்தான் வந்தது. சட்டம் வந்துவிட்டது, இனிச் சம்பாதித்தால் போதும் என்ற நம்பிக்கை அதன் பின் நூலில் ஓடுகிறது. அந்த இடத்தில்தான் நான் வுல்ஃபிடமிருந்து விலகுகிறேன்.

என் அத்தை திரேஸ்புரத்தில் நாற்பது ஆண்டுகள் கருவாடு விற்றார். விடியுமுன் ஏலத்துக்குப் போய் நெத்திலியும் சாளையும் எடுப்பார், உப்பிட்டுக் காயவைப்பார், கூடை சுமந்து சந்தைக்குப் போவார். வீட்டில் காசு புரண்டது அவர் கையில்தான். கடலோரப் பெண்களின் கையில் காசு இருக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் வியப்பது இதைப் பார்த்துத்தான். கல்யாணத்துக்கு அவருக்குப் போட்டது பதினோரு பவுன். அதில் ஆறு பவுன் வள்ளத்துக்கு எஞ்சின் வாங்க அடகுக்குப் போனது. அடகுச் சீட்டு மாமா பெயரில், வள்ளமும் மாமா பெயரில். நகை திரும்பவில்லை. உழைப்பு, வரவு, செலவு எல்லாம் அத்தையுடையவை. காகிதங்களில் மட்டும் அவர் இல்லை.

சட்டம் நம் பக்கம் இல்லாமல் இல்லை. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி உயில் இல்லாத கிறிஸ்தவத் தகப்பனின் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. வுல்ஃபின் நூல் வந்த அதே 1929இல், செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சம சொத்துரிமை கேட்டுத் தீர்மானம் போட்டது. பூர்விகச் சொத்தில் இந்துப் பெண்களுக்கான பங்கு தமிழ்நாட்டில் 1989இலும் நாடு முழுக்க 2005இலும் வந்தது. ஆனால் பாகம் பிரிக்கும்போது எல்லா வீட்டிலும் சொல்வது ஒன்றுதான்: "ஒனக்குத்தான் நகை போட்டாச்சே!" அந்த நகையாவது அவளுடையதா? சீதனம் பெண்ணின் முழு உடைமை என்று உச்ச நீதிமன்றம் 1985இலேயே சொல்லிவிட்டது. இருந்தும், 2003இல் மணமான கேரளப் பெண் ஒருவர், முதல் இரவிலேயே பத்திரப்படுத்துவதாகச் சொல்லி வாங்கிப் போன 89 பவுனுக்கு நீதி கேட்டு 2024 வரை நடக்க வேண்டியிருந்தது. உச்ச நீதிமன்றம் அவருக்கு 25 லட்சம் ரூபாய் தரச் சொன்னது.

என் கதையும் வேறல்ல. முதல் சம்பளத்தன்றே ஏடிஎம் கார்டை வீட்டில் கொடுத்தேன். கணக்கோடு இணைந்திருந்த தொலைபேசி எண்கூட என்னுடையதில்லை. அதைப் பாசம் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் அத்தை கேட்டார்: "ஏட்டி, இவ்வளவு வருசம் சம்பாரிச்சியே, யாரு பேர்ல இருக்கு?"

அவருக்கு அந்தக் கேள்வியைக் கேட்கத் தகுதி இருந்தது. மீனவ மகளிர் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராகி, அரசின் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் சிறுகச் சிறுக 1500 ரூபாய் கட்டினார். அரசு 3000 சேர்த்து, மீன்பாடு குறைந்த மாதங்களில் 4500 ஆகக் கொடுத்தது. பெரிய தொகை இல்லை. ஆனால் அவர் வாழ்க்கையில் அவர் பெயரில் வந்த முதல் பணம் அதுதான்.

அதன் பிறகு நான் செய்தவை சிறியவை. என் எண்ணோடு புதிய வங்கிக் கணக்கு. சம்பளம் வந்த மறுநாளே அஞ்சலகத் தொடர் வைப்புக்கு ஒரு தொகை. நகைகளின் எடையும் ரசீதும் ஒரே கோப்பில். அடகு வைக்க நேர்ந்தால் சீட்டு என் பெயரில். வீட்டுக்குக் கொடுப்பதை நிறுத்தவில்லை. எவ்வளவு என்பதை நான் முடிவு செய்கிறேன். முதல் மூன்று மாதம் வீட்டில் யாரும் சரியாகப் பேசவில்லை. "இப்பவே தனியாப் பிரிக்கிறா" என்றார்கள். அந்த மூன்று மாதத்தைத் தாங்குவதுதான் கடினமாக இருந்தது, பணத்தை மிச்சப்படுத்துவது இல்லை.

வுல்ஃபின் நூலில் இந்தப் பகுதி இல்லை. அவர் பணம் சாவு வழியே வந்தது, யாரிடமும் பேரம் பேசாமல், யாருடைய முகமும் கோணாமல். நமக்கு அது உயிரோடு இருப்பவர்களிடமிருந்து, நாம் நேசிப்பவர்களிடமிருந்து, பிரித்தெடுக்க வேண்டியதாக இருக்கிறது. இந்த நூலைப் படிக்கும் மாணவிகளிடம் நான் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அறையைப் பற்றிக் கட்டுரை எழுதுமுன் உங்கள் வங்கிப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். அதில் எந்த எண் பதிவாகியிருக்கிறது, கார்டு யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். வுல்ஃபை அங்கிருந்து வாசிக்கத் தொடங்கலாம்.